கைகோத்தவர்களும் இதயம் வைத்தவர்களும்

எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் போனின் இமோஜி பலகையில் மனிதர்கள் இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். இரண்டு ஆண்கள் கைகோத்து நிற்கிறார்கள். இரண்டு பெண்களும் அப்படியே. கொஞ்சம் தள்ளி, இரண்டு பெண்களுக்கு நடுவே ஓர் இதயம். அப்புறம் முத்தமிடும் இரண்டு ஆண்கள். எல்லாம் ஒரே வகை என்றுதான் தோன்றும். ஆனால் இவை வந்த வழி வேறு, செய்யும் வேலையும் வேறு.

எல்லாப் போன்களுக்கும் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுப் பட்டியலுக்கு யூனிகோட் என்று பெயர். கைகோத்த படங்கள் 2010-இல் அதன் 6.0 பதிப்பிலேயே இடம்பெற்றவை. பெயர் 'கைகோத்த இரு ஆண்கள்', அவ்வளவுதான். காதலா நட்பா என்ற பேச்சே கிடையாது. 2012-இல் ஆப்பிள் தன் போனில் சேர்த்தபோது, தன்பாலின இணைகளுக்கு இமோஜி வந்துவிட்டது என்று செய்தி ஓடியது. தோழிகளும் அக்கா தங்கைகளும் அதே படத்தைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு தரப்பும் சரிதான்.

இதயம் வைத்த இணையின் கதைதான் எனக்குச் சுவாரசியம். அதற்கும் 2010-இல் தந்த பெயர் 'இதயத்துடன் இணை' மட்டுமே. யாரோடு யார் என்று அதில் இல்லை. ஆணும் பெண்ணுமாக வரைந்தது நிறுவனங்கள். 2015-இல் ஆப்பிள் இரு பெண்கள், இரு ஆண்கள் படங்களைக் கொண்டுவந்தபோது புதுக் குறியீடு எதுவும் தேவைப்படவில்லை. பெண், இதயம், பெண் என்ற இருக்கிற துண்டுகளையே கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் எழுத்தால் சேர்த்தார்கள். அரபி எழுத்துக்கும் இந்திய எழுத்துகளுக்கும் கூட்டெழுத்து அமைக்க உதவும் அதே எழுத்துதான். பழைய போனுக்குப் போனால் இணைப்பு விட்டுப்போய், மூன்று படங்கள் தனித்தனியாக நிற்கும். அப்போதும் செய்தி புரிந்துவிடும்!

படம்தானே என்று எல்லோரும் விட்டுவிடவில்லை. 2016-இல் இந்தோனேசிய அரசு, செயலிகளிலிருந்து இத்தகைய படங்களை நீக்கச் சொன்னது. லைன் என்ற அரட்டைச் செயலியின் நிறுவனம் அந்நாட்டுக்கான தன் ஸ்டிக்கர் கடையிலிருந்து அத்தகைய ஸ்டிக்கர்களை எடுத்தும்விட்டது.

குடும்பப் படங்களுக்கு வேறு கதி. நாலு பேர் குடும்பத்தில் ஆளுக்கு ஐந்து தோல்நிறம் என்றால் ஒரு படத்துக்கே 625 வகை வரைய வேண்டும். 2024-இல் ஆப்பிள் எல்லாக் குடும்பங்களையும் முகமும் நிறமும் தெரியாத நிழலுருவாக்கிவிட்டது. யாரையும் விடவில்லை என்பது நியாயம்தான். ஆனால் இரண்டு அம்மாக்கள் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குத் தன் வீடு என்று காட்ட இருந்த படம் போய்விட்டதே என்பது என் வருத்தம்.

சரி, எப்படிப் பயன்படுத்துவது? இதயம் வைத்ததில் சந்தேகத்துக்கு இடமில்லை. அனுப்புகிறவர் தெரிந்தேதான் அனுப்புகிறார். கைகோத்ததில் இடம் இருக்கிறது, அந்த இடம் சிலருக்குப் பாதுகாப்பு. வீட்டில் இன்னும் சொல்லாத ஒருவர், கேட்டால் 'நண்பன்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஆகவே கைகோத்த படத்தைப் பார்த்துவிட்டு "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று குழுவில் எல்லோர் முன்னாலும் துருவாதீர்கள். அடுத்தவர் போனை வாங்கினால், அடிக்கடி பயன்படுத்திய இமோஜிகளின் வரிசையை நோட்டம் விடுவதும் வேண்டாம்.

இரண்டு நண்பர்களைக் கிண்டல் செய்ய முத்தப் படத்தைப் போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அந்த இருவரும் சிரித்துவிட்டுப் போவார்கள். அதே குழுவில் ஒருவர், தன் காதலைச் சொல்ல அந்தப் படத்தைத்தான் வைத்திருப்பார். அது அங்கே கேலிப்பொருள் என்று தெரிந்தபின் அவர் வாயே திறக்கமாட்டார்.