வாசிக்கத் திணறும் பிள்ளையை எங்கே காட்டுவது?

(இலங்கை மலையகத்தின் அட்டனில் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வந்திருக்கும் அம்மாமார், அப்பாமார், ஆசிரியர்கள் எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் வேலை கிடக்கும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் தோட்டப் பாடசாலையில் ஒரு பிள்ளை நாலாம் ஆண்டிலும் வாசிக்கத் திணறினால், காரணத்துக்கு நாம் அலைய வேண்டியதில்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், படிக்க இடமில்லை, அம்மா கொழும்பில் வேலை, அப்பா குடி, பாடசாலையில் ஆசிரியர் இல்லை. இதெல்லாம் உண்மைதான். ஆனால் இத்தனை காரணமும் கைவசம் இருப்பதுதான் தொல்லை. அதற்குப் பின்னால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு ஒளிந்திருந்தால் யார் கண்ணிலும் படாது. வசதியான வீட்டில் பிள்ளை வாசிக்காவிட்டால் ‘ஏன்?’ என்று கேட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிறார்கள். நாமோ ‘லயத்துப் பிள்ளை அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோம்.

1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய வைத்தியர் பேர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். ஏழு வயதிலிருந்து பள்ளிக்கூடம், வீட்டு ஆசிரியர் என்று எல்லாம் கிடைத்த பையன். கணக்கு நன்றாக வரும், வாசிப்புத்தான் வராது. தன் பெயரை எழுதச் சொன்னால் எழுத்தை மாற்றிப் போடுவான். பாடமெல்லாம் வாய்ப்பேச்சாகவே நடந்தால் பள்ளிக்கூடத்திலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னாராம். வறுமையே இல்லாத வீட்டிலும் இது வருகிறது, பாருங்கள். பரம்பரையாகவும் வரும். மூளை எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு இது, புத்திக்குறைவு இல்லை.

வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கதையை நீங்கள் வாசித்துக் காட்டிவிட்டுக் கேள்வி கேளுங்கள். ‘டக் டக்’கென்று பதில் வரும். அதே அளவு எளிய இன்னொரு கதையை அவனிடம் வாசிக்கக் கொடுங்கள், வியர்த்துவிடும். அதே காம்பிராவில் வளர்ந்த அக்கா சரளமாக வாசிக்கிறாள் என்றால் லயத்தின்மேல் மட்டும் பழி போட முடியாது. ல, ள, ழ பிழைக்கிறதே என்று மட்டும் பயப்படாதீர்கள். அது இந்த மண்டபத்தில் பாதிப்பேருக்குப் பிழைக்கும்! ‘கொ’, ‘கோ’ போன்றவற்றைக் கவனியுங்கள். கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஒலி பின்னால் வரும். இந்தப் பிள்ளைகள் அங்கே தடுமாறலாம். தமிழில் இன்னொரு சிக்கல்: எழுத்துக் கூட்டினால் பெரும்பாலும் சொல் வந்துவிடும். அதனால் இந்தப் பிள்ளையும் மெதுவாக வாசித்துவிடும், ‘வாசிக்கிறானே’ என்று ஆசிரியர் நகர்ந்துவிடுவார். வசனம் முடிவதற்குள் அதன் தொடக்கம் பிள்ளைக்கு மறந்துபோயிருக்கும்.

முதலில் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள். பாடசாலை மருத்துவப் பரிசோதனையிலேயே அதைக் கேட்கலாம். இரண்டும் சரியென்றால் அத்தோடு விட்டுவிடக் கூடாது. கடிதம் வாங்கிக்கொண்டு அரச வைத்தியசாலையில் குழந்தை வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். அவர் தேவைக்கேற்ப சிறுவர் மனநலப் பிரிவுக்கோ பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடமோ அனுப்புவார். மஸ்கெலியாவிலிருந்து கண்டிக்குப் போய்வந்தால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும், தெரியும். அதனால் வெறுங்கையோடு போகாதீர்கள். பிள்ளையின் பழைய கொப்பிகள், வகுப்பாசிரியரின் குறிப்பு, இரண்டும் பையில் இருக்கட்டும். தமிழ் வாசிப்பைத் தமிழில்தான் சோதிக்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சோதித்தால் பிள்ளைக்கு அந்த மொழி தெரியாததுதான் அகப்படும். கோயிலுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.

ஆசிரியர்களே, அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இதற்கு மருந்து கிடையாது, கற்பிக்கும் முறைதான் வைத்தியம். சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்துக் கைதட்டச் சொல்லுங்கள். மணலில் விரலால் எழுதியபடியே ஒலியைச் சொல்ல வையுங்கள். தினமும் கொஞ்ச நேரம் போதும், இடைவெளி விடக் கூடாது. வகுப்பு முன்னால் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். விடையை வாயால் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். பிரம்பைப் பற்றி நான் பேச வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கடைசியாகச் சாதாரண தரப் பரீட்சை, பதினோராம் ஆண்டில் எழுதுவது. விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் கேட்டுப் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவ அறிக்கை வேண்டும், அது கிடைக்க மாதக்கணக்காகும். பத்தாம் ஆண்டிலேயே அதிபரிடம் பேசுங்கள். அனுமதி அட்டை கைக்கு வந்தபிறகு ஓடிவந்தால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.