பிளஸ் ஒன் பையன் பேக்ல வேப் இருந்துச்சு, என்ன பண்றது?

அடுத்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையன் பிளஸ் ஒன் படிக்கிறானாம், ஸ்கூல் பேக்ல பென்டிரைவ் மாதிரி ஒண்ணு கிடந்திருக்கு, மோந்து பாத்தா மாம்பழ வாசனை, என்னடா இதுன்னு கேட்டா "வெறும் நீராவிதாம்மா, சிகரெட்டெல்லாம் இல்ல, கிளாஸ்ல பாதிப் பேர் வச்சிருக்கான்"ங்கிறானாம். இது உண்மையா, ஸ்கூல்ல சொல்லலாமா, போலீஸ் கேஸ் ஆயிடுமான்னு பயப்படுறாங்க.

நீராவியெல்லாம் கிடையாதும்மா, இதுதான் வேப், அதாவது பேட்டரில ஓடற இ-சிகரெட். உள்ள இருக்கறது புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், அதுல நிக்கோட்டினும் ஃப்ளேவரும் கலந்திருப்பான், ஒரு குட்டி கம்பிச்சுருள் பேட்டரில சூடாகி அதைப் புகை மாதிரி ஆக்கிவிடும். நிக்கோட்டின் இல்லைன்னு கவர்ல போட்டிருந்தாலும் நம்பாதீங்க, நம்ம நாட்டுல மொத்தமா தடை பண்ண சாமான், வர்றதெல்லாம் திருட்டுத்தனமா வர்றது, உள்ள என்ன ஊத்தியிருக்கான்னு பாக்க ஆளே இல்ல.

இதுல பசங்க ஏன் இவ்ளோ சீக்கிரம் மாட்டுறாங்கன்னா, அந்தக் காலத்துல முதல் பீடிய இழுத்தவன் இருமி இருமி கண்ணுல தண்ணி வந்து போதும்டா சாமின்னு போட்ருவான், அந்தத் தொண்டை எரிச்சல்தான் நமக்கு வாட்ச்மேன் மாதிரி. அந்த வாட்ச்மேனையே தூக்கிட்டாங்க. நிக்கோட்டின் கூட பென்சாயிக் ஆசிட் சேத்து உப்பா மாத்துனா எரியாது, அமெரிக்கால 2015ல வந்த ஜூல்ங்கற வேப் பிராண்டு அப்படித்தான், 5 சதவீதம் நிக்கோட்டின், அதுல சொருகற ஒரு குட்டி டப்பால கிட்டத்தட்ட ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்கு இருக்கும், இழுக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. 2019ல அங்க ஹைஸ்கூல் பசங்கள்ல நூத்துக்கு 27 பேருக்கு மேல கடைசி ஒரு மாசத்துல இழுத்திருக்கோம்னு சர்வேல சொன்னாங்க. சிகரெட்டாவது எரிஞ்சு முடியும், இதுக்கு முடிவே கிடையாதே, ரெண்டு பீரியடுக்கு நடுவுல பாத்ரூம் போய் ரெண்டு இழுப்பு, சட்டைக் கைக்குள்ள சொருகிட்டு வந்து உக்காந்துருவான், வாசனையும் நிக்காது. அதனால வாயை ஊதச் சொல்லி மோந்து பாக்கற வேலையெல்லாம் இங்க செல்லாது. மணிக்கொரு தடவை வெளிய போறானா, சும்மாவே எரிஞ்சு விழறானா, அரைமணி நேரம் சேந்தாப்ல உக்காந்து படிக்க முடியலையா, அதைப் பாருங்க.

போலீஸ் விஷயம். தமிழ்நாட்டுல 2018லயே தடை, 2019ல மத்திய அரசு சட்டமே போட்டாச்சு. தயாரிக்கறது, இறக்குமதி, விக்கிறது, விளம்பரம், ஸ்டாக் வைக்கிறது இதெல்லாம்தான் குற்றம், வித்தா முதல் தடவைக்கே 1 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1 லட்சம் வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேத்தும் போடலாம். இழுக்கறத தனிக் குற்றமா அதுல எழுதல. ஆனா உங்க பையன் இன்னொருத்தனுக்குக் கைமாத்திக் காசு வாங்குனா அதுவும் விக்கிறதுதான், இதை அவன்கிட்ட உடைச்சே சொல்லுங்க, நிறைய பசங்களுக்கு இது தெரியாது.

ஸ்கூல்ல சொல்லலாமா? என்னைக் கேட்டா பையன் பேரைக் கொண்டுபோய் முதல்ல குடுக்காதீங்க. சில ஸ்கூல்ல டிசி குடுத்து கை கழுவிடுவாங்க, பழக்கம் அப்படியே அடுத்த ஸ்கூலுக்குப் போகும், அவ்ளோதான். பாத்ரூம் பக்கம் கொஞ்சம் கண்ணு வைங்க சார், பசங்க கையில இது சுத்துதுன்னு பேரன்ட்ஸ் மீட்டிங்ல பொதுவா சொல்லலாம்.

வீட்டுல அடிக்கிறது, போனப் புடுங்கறது, அப்பா வரட்டும்னு மிரட்டுறது வேணாம், ஒளிச்சு வைக்கத்தான் கத்துப்பான். எங்க வாங்குன, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, காலையில எந்திரிச்சதும் தேடுதான்னு சாதாரணமா கேளுங்க. காலையில எந்திரிச்சதும் தேடுதுன்னா நல்லாவே புடிச்சிருச்சுன்னு அர்த்தம். விட்டா முதல் ரெண்டு மூணு நாள் ரொம்பப் படுத்தும், தூக்கம் வராது, கத்துவான், அந்த நேரத்துல யூனிட் டெஸ்ட் மார்க்கப் பத்திப் பேசாதீங்க ப்ளீஸ். நிக்கோட்டின் சூயிங்கம் மெடிக்கல்ல கிடைக்குதேன்னு நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க, சின்ன பையன், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. புகையிலைப் பழக்கத்த விட உதவுறதுக்கு 1800-11-2356னு ஒரு டோல் ஃப்ரீ நம்பர் இருக்கு, சிகரெட் பாக்கெட்லயே போட்டிருப்பாங்க, அதுக்கும் கூப்பிடலாம்.

அப்புறம் அந்த வேப்பை கோவத்துல அடுப்புலயோ குப்பை எரிக்கிற இடத்துலயோ போட்டுடாதீங்கம்மா, உள்ள லித்தியம் பேட்டரி, வெடிச்சிரும். சரி, அடுத்த கேள்வி.