திருட்டுப்போனால் யார் பொறுப்பு? சென்னைப் பொலிஸின் கதை

(திருகோணமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

சென்னைப் பொலிஸின் வரலாற்றை இங்கே ஏன் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. 1866 இல் இலங்கைப் பொலிசுக்குத் தலைமை ஏற்க வந்த கேம்பெல், பம்பாய் மாகாணத்து இரத்தினகிரியில் பணியாற்றியவர். கரைகள் வேறு, ஆட்சி ஒன்று. நம் பொலிஸைப் புரிந்துகொள்ள அந்தக் கரையையும் பார்க்க வேண்டும்.

1639 இல் கிழக்கிந்தியக் கம்பனி மதராசப்பட்டினத்தில் இடம் பிடித்தது. கோட்டைக்கு வெளியே வளர்ந்த ஊரைக் காக்க அவர்கள் சீமையிலிருந்து ஆள் இறக்கவில்லை. ஊர் வழக்கப்படி பரம்பரைக் காவல்காரர் ஒருவரிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர்தான் பெத்த நாயக்கர். 1659 அளவில் அவருக்குக் கீழே 20 சேவகர்கள் இருந்தார்கள். கூலியாக வரியில்லாத வயல்கள். அதோடு நெல், மீன், எண்ணெய், பாக்கு ஆகியவற்றின் மீது சிறு வரி.

இதற்கு ஈடாக அவர் தலையில் ஒரு கடமை இருந்தது. களவுபோன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் அதன் பெறுமதியைத் தானே கட்ட வேண்டும். யோசித்துப் பாருங்கள்! ஒரு வீட்டில் அண்டா காணாமல் போனால், "விசாரிக்கிறோம், போய்விட்டு நாளைக்கு வாருங்கள்" என்று சொல்லி அவர் தப்ப முடியாது. நட்டம் அவருக்கு. பரம்பரை அதிகாரத்தை நான் ஆதரிக்கவில்லை; ஒரே குடும்பத்தின் கையில் காவல் இருந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பறிகொடுத்தவனுக்குப் பதில் சொல்ல ஒருவர் இருந்தார். பெத்தநாயக்கன்பேட்டை என்ற இடம் இன்றும் அவர் பெயரைத்தான் சுமக்கிறது.

1806 இல் வால்டர் கிராண்ட் என்ற வெள்ளைக்காரர் பொலிஸ் கண்காணிப்பாளரானார். 1856 இல் புதுச்சட்டம் வந்தது. போல்டர்சன் முதல் கமிஷனர். எழும்பூர் பாந்தியன் சாலையில் அருணகிரி முதலியாரிடமிருந்து 21,000 ரூபாய்க்கு 1842 இல் வாங்கிய மாளிகைதான் நீண்ட காலம் கமிஷனர் அலுவலகமாக இருந்தது. இப்போது அது பொலிஸ் அருங்காட்சியகம். ஒழுங்கு வந்தது, சீருடை வந்தது, மறுக்கவில்லை. ஆனால் சம்பளம் அரசாங்கத்திடமிருந்து வந்ததால் பதிலும் அரசாங்கத்துக்கே போனது. நட்டத்தைக் கட்டும் கடமை போன இடம் தெரியவில்லை.

சரி, 1942 க்கு வருவோம். ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தின் மீதும் சீனக்குடா மீதும் குண்டு போட்டன. எண்ணெய்க்குதங்களைத் தெரியாதவர்கள் இங்கே யார்? அடுத்தது சென்னைதான் என்று அங்கே பீதி பரவியது. சனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரை விட்டுக் கிளம்பினார்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்கில் அப்போது மிருகக்காட்சிசாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் மிருகங்கள் தெருவுக்கு வந்துவிடும் என்று அஞ்சி, மலபார் சிறப்புப் பொலிஸ் என்ற ஆயுதப் படையைக் கொண்டு சிங்கம், புலி, சிறுத்தைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். கூண்டுக்குள் நின்ற உயிர்கள்! குண்டு விழுந்தது நமக்கு, துப்பாக்கி வெடித்தது அங்கே. உத்தரவு வந்தது, நிறைவேற்றினார்கள். கேள்வி கேட்க யாருமில்லை.

அப்புறம் நல்லதையும் சொல்ல வேண்டும். 1973 இல் தமிழ்நாட்டுப் பொலிஸில் பெண்கள் சேர்ந்தார்கள். 1992 இல் ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் பொலிஸ் நிலையம் திறந்தது. அடி வாங்கிய பெண் தன் மொழியில், இன்னொரு பெண்ணிடம் உட்கார்ந்து சொல்லலாம். காவல் மக்கள் பக்கம் ஓரடி திரும்பி வந்தது என்றே நான் இதைப் பார்க்கிறேன்.

இங்கே இலங்கையில் 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் மாகாணத்துக்குப் பொலிஸ் அதிகாரம் தருகிறது. கிழக்கு மாகாண சபை இருப்பதும் நம் ஊரில்தான். அதிகாரம் மட்டும் இன்னும் ஏட்டை விட்டு இறங்கவில்லை. அது இறங்கும்வரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. தமிழும் அரசகரும மொழி. முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்து வையுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.