மேகம் மூடினாலும் வாருங்கள்

வணக்கம் நேயர்களே. வானம் பார்க்க நாலு பேரைக் கூட்டுகிறவனுக்குச் சாயங்காலமானால் வருகிற போன் எல்லாம் ஒரே மாதிரிதான். "சார், மூடிக்கிட்டு இருக்கே, இன்னிக்கு உண்டா?" மழை என்றால் வேண்டாம், தொலைநோக்கி நனைந்துவிடும். வெறும் மேகம்தானே, கட்டாயம் உண்டு, வாங்க என்பேன்.

டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிமீன் பொழிவு உச்சத்தில் இருக்கும். நல்ல இருட்டும் தெளிவான வானமும் வாய்த்தால் மணிக்கு நூறுக்கு மேல்கூட விழும் என்பார்கள். நமக்கோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை போவதா இருப்பதா என்று நின்றுகொண்டிருக்கும். தெளிந்த வானத்துக்காகக் காத்திருந்தால் ஆயுசுக்கும் ஜெமினிட் பார்க்க முடியாது.

போன டிசம்பரில் ஜவ்வாது மலையில் ஒருவர் வீட்டுக் களத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். முக்கால் வானம் மூடியிருந்தது. சுக்குக் காபி இரண்டாவது சுற்று போய்க்கொண்டிருக்கையில் தலைக்கு நேரே கொஞ்சம் விலகி, அந்த இடைவெளியில் கார்த்திகைக் கூட்டம் தெரிந்தது. அந்த வீட்டுப் பாட்டி போர்வையை இழுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, "கார்த்திகை உச்சிக்கு வந்துடுச்சு, மணி பத்தரை இருக்கும், படுக்கலையா நீங்கள்லாம்?" என்றார். ஒரு பையன் கைபேசியை எடுத்துப் பார்த்தான். பத்து இருபத்தைந்து! அப்புறம் எங்களில் யாரும் தொலைநோக்கிப் பக்கமே போகவில்லை, பாட்டியைச் சுற்றித்தான் உட்கார்ந்தோம்.

ஜவ்வாது மலை என்றதும், அங்கே வானாய்வகம் இருக்கிற காவலூரின் கதையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. எங்கள் குழுவில் இதற்கே என்னைக் கேலி செய்வார்கள். 1977 மார்ச் 10. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தைக் கடந்து அதை மறைக்கப் போகிறது. காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியோடு காத்திருக்கிறார்கள். கோள் இன்னும் கிட்டவே வரவில்லை, அதற்குள் நட்சத்திரம் சில நொடிகள் மங்கி மறுபடி பளிச்சிடுகிறது. நாமாக இருந்தால் மேகம் என்று விட்டிருப்போம். அவர்கள் பதிவு செய்தார்கள், யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கிறதோ என்றும் நினைத்தார்கள். அதே சமயம் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, மேகத்துக்கெல்லாம் மேலே, விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பறந்த அமெரிக்கர்களுக்கு, கோள் மறைப்பதற்கு முன்னும் பின்னும் நட்சத்திரம் பல தடவை மங்கியது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது தெரிந்தது.

அன்றிரவு களத்தில் இதைச் சொன்னதும் கைபேசி பார்த்த அந்தப் பையன் கேட்டான்: "அது மேகம் இல்லைன்னு எப்படி சார் சொல்றது?" அருமையான கேள்வி. வேறு வேறு இடத்திலிருந்து பார்த்தவர்களுக்கும் அதே மாதிரி மங்கியிருக்கிறதே, அத்தனை இடத்திலும் சொல்லிவைத்தாற்போல் ஒரே மேகமா வரும்? தெளிவான இரவாக இருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. ஆளுக்கு அரை நிமிஷம் கண்ணை வைத்து, "தெரிஞ்சுதா, சரி, அடுத்தவர் வாங்க" என்று வரிசைதான் நகர்ந்திருக்கும். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், மூடியிருந்தால் கட்டாயம் வாருங்கள், பேச ஆள் கிடைக்கும்.

பைனாகுலர் வாங்குவதைப் பற்றி நிறையச் சொல்லலாம் என்று வந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பத்துக்கு ஐம்பது என்று போட்டிருப்பதை வாங்குங்கள், அதாவது பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் ஐம்பது மில்லிமீட்டர், அது போதும். மேகம் மூடியிருக்கிற நேரத்தில் லென்ஸையும் மூடி வையுங்கள். பனி படிந்தால் வேட்டித் தலைப்பால் துடைக்காதீர்கள், தானாகக் காயட்டும். வியாழனின் நிலாக்கள் அதிலேயே தெரியும், கையை மட்டும் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். நேரமாகிவிட்டது, வணக்கம்.