உதவியா வந்த ஃபிரிட்ஜும் புதன்கிழமை ஊசியும்

வணக்கம் மக்களே! தண்டையார்பேட்டையிலேர்ந்து பேசுறேன். இன்னிக்கு புதன்கிழமை. ஆரம்ப சுகாதார நிலையத்துல கைக்குழந்தைங்களுக்கு ஊசி போடுற நாள்.

பென்டாவேலன்ட் ஊசி தெரியும்ல? ஒரே ஊசியில அஞ்சு நோய்க்குத் தடுப்பு. 2011 டிசம்பர்ல, ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி கிடைக்க உதவுற காவி (Gavi) அமைப்போட உதவியில இந்தியாவுல முதல்முதலா தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும்தான் ஆரம்பிச்சாங்க. அந்த உதவியைப் பத்திப் பேசுறவங்க மருந்து விலையைத்தான் சொல்லுவாங்க. ஆனா மருந்து குழந்தையோட தொடைக்குப் போற வரைக்கும் 2-லேர்ந்து 8 டிகிரிக்குள்ளயே இருக்கணும். அது தவறிப்போச்சுன்னா எத்தனை கோடி கொடுத்தும் பிரயோஜனமே இல்ல.

அதுக்குன்னு இருக்கறதுதான் ஐ.எல்.ஆர். பொட்டி, தடுப்பூசி வைக்கற ஃபிரிட்ஜ். சுத்துச் சுவருக்குள்ள ஐஸ் இருக்கும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் கரண்ட் கிடைச்சாலே சமாளிச்சுடும். மேல தொறக்கற மூடிங்கறதால குளிர் காத்து அடியிலயே தங்கிடும். அதனாலதான் சாமானை இடம் பாத்து வைக்கணும். போலியோ சொட்டு மருந்து, தட்டம்மை ஊசி அடியில இருக்கலாம். பென்டா, ஹெபடைடிஸ் பி, டி.டி. எல்லாம் மேல கூடையிலதான். அடியில வெச்சா உறைஞ்சுடும்.

இப்போ கேமராவை கிட்ட கொண்டாறேன், இந்த காலி பாட்டில் லேபிளைப் பாருங்க. ஒரு வட்டம், உள்ள ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பா இருந்தா போடலாம். ரெண்டும் ஒரே நிறமாயிட்டா, இல்ல சதுரம் கருத்துட்டா, அதைத் தொடவே கூடாது. குழந்தையைத் தூக்கிட்டுப் போற அம்மாங்க, "அக்கா, அந்த பாட்டிலைக் கொஞ்சம் காட்டுங்க"ன்னு தாராளமா கேளுங்க.

ஆனா இந்தக் குறி சூட்டை மட்டும்தான் காட்டும், உறைஞ்சதைக் காட்டவே காட்டாது. நம்மூர் வெயிலுக்கு எல்லாரும் சூட்டைத்தான் பயப்படுறாங்க. உறையறதுதான் இன்னும் மோசம்னு நான் சொல்லுவேன், ஏன்னா அது கண்ணுக்குத் தெரியாம நடக்குது. பெரும்பாலும் நடக்கற இடம் கேரியர், அதாவது மருந்தை வெளியில எடுத்துட்டுப் போற சின்ன குளிர்பெட்டி. டீப் ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த ஐஸ்பேக் நாலையும் அப்படியே உள்ள வெச்சுடுவாங்க. அது மைனஸ் 20 கிட்ட இருக்கும். வெளியில வெச்சு, மேல தண்ணி முத்து கோத்து, காதுகிட்ட ஆட்டினா உள்ள தண்ணி சலசலன்னு கேக்கணும். அப்புறம்தான் மருந்தோட வைக்கணும்.

பென்டா உறைஞ்சிருக்கும்னு சந்தேகமா? அதே தொகுதியில ஒரு பாட்டிலை வேணும்னே உறைய வெச்சு, இளக்கி, ரெண்டையும் ஒண்ணா குலுக்கி மேஜையில வைங்க. சந்தேகப்பட்ட பாட்டில்லயும் அதே வேகத்துல வண்டல் இறங்கினா தூக்கிப் போட்டுடணும்.

இதெல்லாம் பொட்டியோட சேர்ந்து வர்றதில்ல. ஸ்டெபிலைசர், தெர்மாமீட்டர், தினம் ரெண்டு வேளை வெப்பநிலை எழுதுற ஆள், மூடி ரப்பர் கிழிஞ்சா மாத்துற மெக்கானிக், ஜெனரேட்டருக்கு டீசல்னு எல்லாத்துக்கும் காசு வேணும். நன்கொடை கொடுக்கறவங்க பொட்டியைப் படம் எடுத்துட்டுப் போயிடுறாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஸ்டெபிலைசர் எரிஞ்சா யார் வாங்கறது? காவி இப்போ ஃபிரிட்ஜுக்கு உதவுறப்போ கொண்டு வந்து சேர்க்கறது, மாட்டுறது, ஆளுக்குப் பயிற்சி கொடுக்கறதுன்னு எல்லாத்தையும் சேர்த்தே கணக்கு போடுது, அந்த நாடும் ஒரு பங்கு போடணும். இதுதான் சரியான வழி.

கொடுத்தா மட்டும் போதாது, போட்டு முடிக்கற வரைக்கும் யோசிக்கணும். கொரோனா காலத்துல இதை மறந்ததால என்ன ஆச்சுன்னு ஆப்பிரிக்காவுல இருக்கற மலாவி நாட்டைப் பாருங்க. 2021 மார்ச் கடைசியில வந்த தடுப்பூசிக்கு ஏப்ரல் நடுவுலயே காலாவதி. மே மாசம் 19,610 டோஸை எரிச்சாங்க. மூணு வாரத்துக்குள்ள ஊர் ஊரா எடுத்துட்டுப் போய் போட்டு முடிக்கறது எந்த நாட்டால முடியும்? அந்த நவம்பர்ல ஆப்பிரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமும், நாடுகளுக்கு கொரோனா ஊசி பிரிச்சுக் கொடுத்த கோவாக்ஸ் திட்டமும் சேர்ந்து ஒரு அறிக்கை விட்டாங்க: நன்கொடை ஊசி நாட்டுக்குள்ள வந்து இறங்கறப்போ குறைஞ்சது 10 வாரம் ஆயுசு இருக்கணும், சிரிஞ்சும் கூடவே வரணும்னு. சிரிஞ்சு இல்லாம ஊசி மருந்தை மட்டும் அனுப்பியிருக்காங்கன்னா பாத்துக்கோங்க.

கடைசியா, சுகாதார நிலையத்துல வேலை பாக்குற அக்கா, அண்ணன்களுக்கு ஒரு விஷயம். கரண்ட் போனா முதல்ல செய்ய வேண்டியது, மூடியைத் தொறக்காம இருக்கறது. கூடைக்குள்ள இருக்கற தெர்மாமீட்டர் 8-ஐ நெருங்கிடுச்சுன்னா, இளக வெச்ச ஐஸ்பேக்கோட கேரியருக்கு மாத்துங்க, எந்த மணிக்கு மாத்தினீங்கன்னு நோட்டுல எழுதிடுங்க.