முதலில் கையில் இருந்ததை விட்டார், பிறகுதான் வாயைத் திறந்தார்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்கப் பூர்வகுடிகளுக்காகப் போராடிய ஸ்பானியத் துறவி லாஸ் காசாஸை உயர்த்தியது அவரது வாதமா, தியாகமா? இதுதான் இன்றைய கேள்வி. எதிரணிச் சகோதரி வாதமே என்றார். 1550-இல் ஸ்பெயினின் வயாதோலித் நகரில், 'இவர்கள் இயல்பிலேயே அடிமைகள்' என்ற அறிஞர் செபுல்வேதாவுக்கு எதிராகத் தம் வாதத்தை ஐந்து நாள் வாசித்தாரே, அதற்கு ஈடு உண்டா என்று கேட்டார். சரி, பெரிய வாதம்தான். ஆனால் நான் உங்களை 1511-க்கு அழைத்துப் போகிறேன்.

கரீபியன் கடலின் இஸ்பானியோலா தீவு, ஸ்பானியர் குடியேறிய சாந்தோ தொமிங்கோ நகரம், டிசம்பர் மாதம், ஞாயிறு திருப்பலி. கொலம்பஸின் மகன், ஆளுநர் தியேகோ முன்வரிசையில் இருக்கிறார். தோமினிக்கன் சபைத் துறவி மொந்தேசினோஸ் மேடையேறி, பூர்வகுடிகளைப் பற்றி, "இவர்கள் மனிதர்கள் இல்லையா?" என்று கேட்டார். சபையே கொதித்தது. அவரோ தலைகுனியாமல் இறங்கி, கூரை வேய்ந்த தம் இருப்பிடத்துக்கு நடந்தார். இதைவிட நல்ல பேச்சு எது?

அதே தீவில் அப்போது லாஸ் காசாஸும் இருந்தார். என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை! பூர்வகுடிகளைக் கூலியில்லாத வேலைக்குப் பிரித்துக் கொடுக்கும் என்கொமியெண்டா முறையில் அவருக்கும் ஆட்கள் இருந்தார்கள். ஒரு தோமினிக்கன் துறவி அவருக்குப் பாவமன்னிப்பு தர மறுத்தும், ஆட்களை விடவில்லை. அப்புறம் கியூபாவுக்குப் போய், அரிமாவோ ஆற்றங்கரையில் அங்குள்ள பூர்வகுடிகளை வைத்தே பொன் அரித்தார். பேச்சு ஒன்றே மனிதனை மாற்றும் என்றால், சகோதரி, அன்றே அவர் மாறியிருக்க வேண்டாமா?

1514. பெந்தகோஸ்து மறையுரைக்குத் தயார் செய்து கொண்டிருந்தார். சீராக் நூலின் 34-ஆம் அதிகாரம் கண்ணில் படுகிறது: ஏழையின் உணவைப் பறிப்பவன் கொலைகாரன். தம் வீட்டில் யார் உணவு இருக்கிறது என்று யோசித்தார். ஆட்களைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்கு நியாயம் சொல்ல முடியாது என்று அவருக்கே விளங்கியது. கியூபா ஆளுநர் வெலாஸ்கேஸிடம் போய் என் ஆட்களை விடுகிறேன் என்றார். ஆகஸ்ட் 15 அன்று மேடையிலேயே அதை அறிவித்தார். வழக்காட அரசரைத் தேடிக் கப்பலேறியது இதற்குப் பிறகுதான், நடுவர் அவர்களே! வயாதோலித் வாதத்துக்கு முதல் போட்டது இந்த ஆகஸ்ட் நாள்.

1542-இல் பூர்வகுடிகளைக் காக்கும் புதிய சட்டங்கள் வந்தன, அது வாதத்தின் வெற்றி என்றார் சகோதரி. என்கொமியெண்டாவை வாரிசுக்கு விடக்கூடாது என்ற விதியை 1545-லேயே அரசர் திரும்பப் பெற்றுக்கொண்டாரே! பெருவில் குடியேறிகள் கலகம் செய்தார்கள், அரசப் பிரதிநிதியையே கொன்றார்கள். அந்த நேரத்தில் மெக்சிகோவின் சியாப்பாஸ் ஆயராக இருந்த லாஸ் காசாஸ் கையில் எடுத்தது எது தெரியுமா? தமக்கு மறுக்கப்பட்ட அதே பாவமன்னிப்பு. பாவமன்னிப்பு கேட்ட குடியேறிகளிடம், அடிமைகளை விடுவி, பறித்ததைத் திருப்பிக் கொடு, பிறகு வா என்றார். தாம் கொடுத்துவிட்டு வந்தவர் என்பதால்தான் அப்படிக் கேட்க முடிந்தது.

ஒன்றை மறைக்க மாட்டேன். பூர்வகுடிகளின் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று 1516-இல் அவரே யோசனை சொன்னார். கொடிய பிழை. அதை நினைத்தால் எனக்கும் நெஞ்சு கனக்கிறது. ஆனால் அதை அவர் மூடி மறைக்கவில்லை. ஆப்பிரிக்கர்களை அடிமையாக்கியதும் அதே அநீதிதான் என்று தம் வரலாற்று நூலில் தாமே எழுதி வைத்தார். என் அறியாமை கடவுளின் தீர்ப்பில் என்னைக் காப்பாற்றுமோ என்னவோ என்று கலங்கினார். வாதத்தில் வெல்லத் துடிக்கும் ஒருவர் தமக்கு எதிரான சாட்சியைத் தம் கையால் எழுதுவாரா? தம் நற்பெயரையும் விட்டுக்கொடுத்தவர் அவர். தீர்ப்பை எங்கள் அணிக்கு வழங்குங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.