பாம்புக்கடி வீடியோவை நம்புறதுக்கு முன்னாடி கேளுங்க: அது எந்த ஊர் பாம்பு?

[திரையில்: காலைச் சுத்தி கிரேப் பேண்டேஜை அழுத்திக் கட்டுற காட்சி]

இந்தக் காட்சியில பொய் எதுவும் இல்ல. ஆனா களக்காட்டு வாழைத் தோட்டத்துல இதை அப்படியே செஞ்சா கால் அழுகலாம். ஏன்னு சொல்லுதேன்.

வணக்கம் மக்களே. இந்தக் கட்டு 1970-கள் கடைசியில ஆஸ்திரேலியாவுல வந்தது. அங்க உள்ள பாம்பு விஷம் பெரும்பாலும் நரம்பைத் தாக்கும், கடிவாய்ச் சதை அவ்வளவா கெடாது. நம்ம வயக்காட்டுல கண்ணாடி விரியன், மானாவாரிக் காட்டுல சுருட்டை விரியன். அதுக விஷம் சதையையே அரிக்கும். ஒரே இடத்துல தேக்கி வச்சா அங்கனயே புண்ணாகி அழுகும். அதுலயும் நம்மாளுக்கு அவசரத்துல கைக்குக் கிடைக்கிறது துண்டும் கயிறும்தான். அது ரத்த ஓட்டத்தையே நிறுத்திரும்.

அதனால மருத்துவ வீடியோ எதைப் பார்த்தாலும் மூணு கேள்வி: எந்த நாட்டுக்குச் சொன்னது, எந்த வருஷம் சரிபார்த்தது, தப்புன்னா யாரு பொறுப்பு? பதில் இல்லையா, குடும்ப குரூப்ல போடாதீங்க.

ஒரு வார்த்தை விட்டுப்போனா உண்மையே எப்படித் தலைகீழாகும்? எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் ஒண்ணு இருக்கு.

[திரையில்: சோதனைக் குழாய், கடிகாரம்]

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ஏறினா ரத்தம் உறையாமப் போகலாம். அதைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியில பெரிய மெஷின் வேண்டாம். நரம்புல 2 மில்லி ரத்தம் எடுத்து, ஒரு குழாயில விட்டு, 20 நிமிஷம் அசைக்காம வச்சு, ஒரே ஒரு தடவை சாய்ச்சுப் பாக்காங்க. தண்ணியா ஓடினா ரத்தத்துல விஷம் வேலை செய்யுதுன்னு அர்த்தம். எவ்வளவு அழகான சோதனை பாருங்க! ஆனா குழாய் புதுசா, காஞ்சதா, கண்ணாடியா இருக்கணும். கண்ணாடியோட பரப்புதான் உறையுற வேலையைத் தூண்டிவிடுது. பிளாஸ்டிக் குழாயோ, சோப்பு போட்டுக் கழுவினதோ ஆச்சுன்னா நல்ல ரத்தமே உறையாமக் கிடக்கும். அதை நம்பி, தேவையில்லாத ஆளுக்கு விஷமுறிவு மருந்து ஏறும். அந்த மருந்தே சிலருக்கு ஒவ்வாமையில உயிருக்கு ஆபத்தாகும். "கண்ணாடி"ங்கிற ஒரு வார்த்தை 30 செகண்ட் ரீல்ஸ்ல விட்டுப்போக எவ்வளவு நேரமாகும்?

"ரெண்டு பல் தடம் இல்லாட்டி விஷமில்ல"ங்கிறதும் தப்பு. கட்டுவிரியன் ராத்திரி தரையில படுத்திருக்கிறவங்களைக் கடிச்சா வலியும் தெரியாது, தடமும் தெரியாது. விடியக்காலம் வயித்துவலி, இமை சொக்கி மூடிக்கிட்டே வருதுன்னா உடனே கிளம்புங்க.

குழந்தைக்கு விஷமுறிவு மருந்தைக் குறைச்சுப் போடணும்னு யாராவது சொன்னாலும் நம்பாதீங்க. பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைக்கிறதில்ல, அதனால பெரியவங்களுக்கு உள்ள அளவுதான் குழந்தைக்கும்.

கடிச்சா மோதிரம், கொலுசைக் கழட்டுங்க. கடிபட்ட காலை ஆட்டாம, எலும்பு முறிஞ்சா வைக்கிற மாதிரி கம்பு வச்சு லேசாக் கட்டி, 108-ஐக் கூப்பிடுங்க. கீற, உறிஞ்ச வேண்டாம். பாம்பைத் தேடவும் வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும்னு இல்ல, விஷமுறிவு மருந்து இருக்கிற பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு முதல்ல போங்க.

யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தா வழியில சட்டுனு அவுக்காதீங்க. தேங்கின விஷம் ஒரேயடியா உடம்புல பாயும். டாக்டர் முன்னாடிதான் அவுக்கணும்; அவங்க மருந்தையும் மூச்சுக் கருவியையும் தயாரா வச்சுக்கிட்டு அவுப்பாங்க. இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டி அனுப்புறதா இருந்தா, "டாக்டர் முன்னாடி"ங்கிறதை வெட்டிராதீங்க.